எந்த டைப் கேட்டாலும் ஸ்ட்ரிங்கிலிருந்து மாற்றித் தர ஒரே ஃபங்ஷன் போதுமா?

கேள்வி: சி ஷார்ப் நிரல் மொழியில் ஒரு சின்ன லைப்ரரி எழுதிக்கொண்டிருக்கிறேன். கான்ஃபிக் ஃபைலிலிருந்தும், பயனர்கள் தருகிற சிஎஸ்வி ஃபைலிலிருந்தும் மதிப்புகளை எடுக்க வேண்டும். எல்லாமே ஸ்ட்ரிங்காகத்தான் வருகின்றன. அதனால் 'மாற்று<டி>' என்று ஒரு ஜெனரிக் ஃபங்ஷன் வைத்தேன்; டி என்பது கூப்பிடுகிறவர் கேட்கிற டைப். ஸ்ட்ரிங்கை நேராக டி-க்கு காஸ்ட் செய்தபோது ('இதை இந்த டைப்பாக எடுத்துக்கொள்' என்று சொன்னபோது) கம்பைலர் விடவில்லை. ஆப்ஜெக்ட் வழியாக காஸ்ட் செய்தேன். கம்பைல் ஆனது, ஓடும்போது விழுந்தது. அப்புறம் 'கன்வர்ட்.சேஞ்ச்டைப்' பயன்படுத்தினேன். இன்ட், டபுள், டேட்டைம் எல்லாம் சரியாக வந்தன. ஆனால் நல்லபிள் இன்ட் (மதிப்பு இல்லாமல் 'நல்' ஆகவும் இருக்கக்கூடிய இன்ட்), எனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்), குயிட் (தனித்துவ அடையாள எண்) ஆகிய மூன்றும் எக்ஸெப்ஷன் தருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இஃப் போட்டுப் போட்டு ஃபங்ஷன் நீண்டுகொண்டே போகிறது, வேகமும் குறையுமோ என்று பயமாக இருக்கிறது. எந்த டைப் கொடுத்தாலும் வேலை செய்கிற மாதிரி எழுத வழி உண்டா? மாற்ற முடியாதபோது எக்ஸெப்ஷனைப் பிடித்து, டீஃபால்ட் மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: எந்த டைப்புக்கும் ஸ்ட்ரிங்கை மாற்றித் தருகிற ஃபங்ஷன் கிடையாது, இருக்கவும் முடியாது. ஆனால் உங்கள் லைப்ரரிக்குள் வரப்போகிற டைப்புகள் அத்தனையையும் ஒரே பெயரில் மாற்றித் தருகிற ஃபங்ஷனைத் தாராளமாக எழுதலாம். உங்களுக்குத் தேவை இந்த இரண்டாவதுதான். முதலாவதைத் தேடிப் போனதால்தான் இவ்வளவு சுற்றியிருக்கிறீர்கள்.

காஸ்ட் ஏன் விழுந்தது என்பதிலிருந்து தொடங்கலாம், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். "42" என்ற ஸ்ட்ரிங் மெமரியில் 52, 50 என்ற இரண்டு எழுத்துக் குறியீடுகளாக இருக்கிறது. 42 என்ற இன்ட், 32 பிட்டில் எழுதப்பட்ட ஓர் எண். ஒன்றை இன்னொன்றாக்க யாராவது அந்த எழுத்துகளை வாசிக்க வேண்டும்: முதல் எழுத்து நான்கு, அதைப் பத்தால் பெருக்கு, அடுத்தது இரண்டு, கூட்டு. ஆப்ஜெக்ட் வழியாகச் செய்கிற காஸ்ட் இந்த வேலையைச் செய்யாது. ஆப்ஜெக்ட் என்ற பெட்டிக்குள் இருப்பது ஏற்கெனவே இன்ட்தானா என்று மட்டும் பார்க்கும். உள்ளே இருப்பது ஸ்ட்ரிங், அதனால் 'இன்வேலிட் காஸ்ட்' என்று கையை விரித்துவிடும்.

டி என்று எழுதுவதால் அந்த வாசிக்கும் அறிவு எங்கிருந்தோ வந்துவிடாது. டி-க்கு நீங்கள் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை என்றால், அதைப் பற்றிக் கம்பைலருக்குத் தெரிந்தது அநேகமாக ஒன்றுமில்லை. ஆகவே உங்கள் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: இந்த டைப்பை ஸ்ட்ரிங்கிலிருந்து எப்படி வாசிப்பது என்று யாருக்குத் தெரியும்? டைப்புக்கே தெரிந்திருக்கலாம். டைப்புக்கு வெளியே ஏதாவது ஒரு பதிவேட்டில் இருக்கலாம். அல்லது உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். இதுவரை நான் பார்த்த எல்லா வழிகளும் இந்த மூன்றில் ஒன்றுதான், அல்லது இவற்றின் கலவை.

'சேஞ்ச்டைப்' இதில் எங்கே வருகிறது? அது பார்வைக்குப் பொதுவானது போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஒரு நிலையான பட்டியல். பூலியன், கேரக்டர், பல அளவு முழு எண்கள், சிங்கிள், டபுள், டெசிமல், டேட்டைம், ஸ்ட்ரிங் என்று 'ஐகன்வர்ட்டபிள்' இன்டர்ஃபேஸில் (ஒரு டைப்பில் என்னென்ன ஃபங்ஷன் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்) இருக்கிற டைப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிற அதே இஃப் வரிசைதான், சி ஷார்ப் ஓடுகிற டாட்நெட் தளத்தை உருவாக்கியவர்கள் உங்களுக்கு முன்பே எழுதி வைத்தது, அவ்வளவே. குயிட்டும் கால அளவுக்கான டைம்ஸ்பேனும் அந்தப் பட்டியலில் இல்லை. நல்லபிள் இன்ட் என்பது இன்ட்டிலிருந்து வேறான டைப், அதனால் அதுவும் இல்லை. எனமையும் ஸ்ட்ரிங்கிலிருந்து அது மாற்றித் தராது. உங்களுக்கு விழுந்த மூன்று எக்ஸெப்ஷனுக்கும் காரணம் இதுதான்.

நல்லபிள் சிக்கலுக்கு மட்டும் சின்ன மருந்து உண்டு. 'நல்லபிள்.கெட்அண்டர்லையிங்டைப்' என்று கேட்டால் உள்ளே இருக்கிற டைப் கிடைக்கும். நல்லபிள் இல்லாவிட்டால் நல் வரும். உள்ளே இருக்கிற டைப்புக்கு மாற்றிவிட்டு, கிடைத்த ஆப்ஜெக்ட்டை டி-க்கு காஸ்ட் செய்யுங்கள். பெட்டிக்குள் இருக்கிற இன்ட்டை நல்லபிள் இன்ட்டாக எடுக்க மொழி அனுமதிக்கிறது, இங்கே காஸ்ட் விழாது.

அடுத்து எல்லோரும் போய் நிற்கிற இடம் 'டைப்டிஸ்கிரிப்டர்.கெட்கன்வர்ட்டர்'. இது பதிவேட்டு வழி. ஒரு டைப்பைக் கொடுத்தால் அதற்கான டைப்கன்வர்ட்டரைத் தேடித் தரும். எனம், குயிட், டைம்ஸ்பேன், நல்லபிள் எல்லாவற்றுக்கும் கன்வர்ட்டர் தயாராக இருக்கிறது. வெற்று ஸ்ட்ரிங் வந்தால் நல்லபிள் கன்வர்ட்டர் நல் தருகிறது. உங்கள் சொந்த டைப்புக்கும் ஒரு கன்வர்ட்டர் எழுதி, அட்ரிபியூட்டாக ஒட்டிவிடலாம். இரண்டு வரியில் உங்கள் பிரச்சினை தீர்ந்தது போல இருக்கும். கன்வர்ட்டர் இல்லாத டைப்புக்கு ஒரு வெறும் கன்வர்ட்டர் வந்து, அது 'ஆதரவு இல்லை' என்று எக்ஸெப்ஷன் எறியும். அதற்கு 'கேன்கன்வர்ட்ஃப்ரம்' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் சிஎஸ்விக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், இது பிறந்த இடம் வேறு. விஷுவல் டிசைனரில் ஒரு கன்ட்ரோலின் பிராப்பர்ட்டியை ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்வாரே, அந்த வேலைக்குப் பெரிதும் உதவியாக அமைந்த ஏற்பாடு இது. அங்கே கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்வது நல்லதுதான். அதனால் இன்ட் கன்வர்ட்டர், முன்னால் '#' அடையாளம் இருந்தால் அதைப் பதினாறடிமான எண்ணாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் சிஎஸ்வியில் யாரோ ஒருவர் ஆர்டர் எண்ணை "#10" என்று எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். எர்ரர் வராது. 10-ம் வராது. 16 வரும். இப்படி ஒரு பிழையை ஆறு மாதம் கழித்துத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு சங்கடம்: மாற்ற முடியாதபோது பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எண் கன்வர்ட்டர்கள் வெறும் 'எக்ஸெப்ஷன்' டைப்பையே எறிந்தன, புதிய பதிப்புகளில் 'ஆர்க்யூமென்ட் எக்ஸெப்ஷன்'. ஃபார்மட் எக்ஸெப்ஷனைப் பிடிக்கக் காத்திருக்கிற கேட்ச் பிளாக் கடைசிவரை காத்துக்கொண்டேதான் இருக்கும்.

சரி, டைப்புக்கே தெரிந்திருந்தால்? இதுதான் இருப்பதிலேயே சுத்தமான வழி. 2022 நவம்பரில் வந்த டாட்நெட் 7, சி ஷார்ப் 11 இரண்டும் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கின. அதற்கு முன்பு ஓர் இன்டர்ஃபேஸில் ஸ்டாட்டிக் ஃபங்ஷனை (டைப்பின் பெயரிலேயே கூப்பிடுவது) கட்டாயமாக்க முடியாது. இன்ட்டிலும் பார்ஸ் (ஸ்ட்ரிங்கை வாசித்து மதிப்பாக்குகிற ஃபங்ஷன்) இருக்கும், டபுளிலும் இருக்கும், குயிட்டிலும் இருக்கும். ஆனால் 'பார்ஸ் இருக்கிற ஏதோ ஒரு டைப்' என்று டி-க்கு நிபந்தனை வைக்க வழியே இல்லை. இப்போது 'ஐபார்ஸபிள்<டி>' இருக்கிறது. 'டி என்பது ஐபார்ஸபிள்<டி> ஆக இருக்க வேண்டும்' என்று நிபந்தனை எழுதிவிட்டால், உள்ளே 'டி.பார்ஸ்', 'டி.ட்ரைபார்ஸ்' (தோற்றால் எக்ஸெப்ஷன் எறியாமல் 'முடியவில்லை' என்று மட்டும் சொல்வது) என்று நேராகக் கூப்பிடலாம். பாக்ஸிங் (மதிப்பை ஆப்ஜெக்ட் என்ற பெட்டிக்குள் போடுவது) இல்லை, ஓடும்போது டைப்பைத் துருவிப் பார்க்கிற ரிஃப்ளெக்‌ஷன் இல்லை. பார்ஸ் தெரியாத டைப்பை யாராவது கொடுத்தால் கம்பைல் ஆகும்போதே மாட்டிக்கொள்வார். உங்கள் சொந்த டைப்பிலும் இந்த இன்டர்ஃபேஸை எழுதிவிட்டால், லைப்ரரியைத் தொடாமலே அது வேலை செய்யும்.

ரஸ்ட் மொழி முதலிலிருந்தே இப்படித்தான்: 'ஃப்ரம்எஸ்டிஆர்' என்ற டிரெய்ட் (இன்டர்ஃபேஸ் போன்றது) இருக்கிற எந்த டைப்புக்கும் பார்ஸ் கிடைக்கும், தோற்றால் என்ன வகை எர்ரர் என்பதையும் அந்த டைப்பே சொல்லிவிடும். ஜாவா நண்பர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். அங்கே ஓடும்போது டி அழிந்துபோய்விடுவதால் கிளாஸ் ஆப்ஜெக்ட்டையோ ஒரு ஃபங்ஷனையோ கூடவே கையில் கொடுத்தாக வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. எனம் எதுவும் ஐபார்ஸபிள் இல்லை, நல்லபிளும் இல்லை. மூன்று விதத்துக்கும் மூன்று நிபந்தனைகளோடு ஒரே பெயரில் மூன்று ஃபங்ஷன் எழுதலாம் என்று தோன்றும். எழுதிப் பார்த்தால் கம்பைலர் மறுக்கும், ஏனென்றால் நிபந்தனைகள் ஃபங்ஷனின் அடையாளத்தில் சேர்வதில்லை. பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும்: 'மாற்று', 'மாற்று எனம்', 'மாற்று நல்லபிள்' என்பது போல. அப்புறம், சிஎஸ்வியில் எந்த நெடுவரிசைக்கு எந்த டைப் என்பது ஓடும்போதுதான் தெரியும் என்றால், கையில் இருப்பது டி இல்லை, ஒரு டைப் ஆப்ஜெக்ட். அதை வைத்துக்கொண்டு நிபந்தனை உள்ள ஜெனரிக்கைக் கூப்பிட ரிஃப்ளெக்‌ஷனுக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே உங்கள் நிலைமைக்கு நான் செய்வது மூன்றாவது வழியும் இரண்டாவது வழியும் சேர்ந்த ஒன்று. 'மாற்றி' என்று ஒரு சாதாரண கிளாஸ். உள்ளே ஒரு டிக்‌ஷனரி: சாவி டைப், மதிப்பு ஸ்ட்ரிங்கை வாங்கி அந்த டைப்பைத் தருகிற டெலிகேட் (ஒரு மாறியில் வைத்துக்கொள்ளக்கூடிய ஃபங்ஷன்). 'பதிவு செய்<டி>' என்று ஒரு ஃபங்ஷன், 'மாற்று<டி>' என்று இன்னொன்று. ஐபார்ஸபிள் உள்ள டைப்புகளைப் பதிவு செய்ய ஒரு வரிக் குறுக்குவழி வைத்துக்கொள்ளுங்கள், எனமுக்கு ஒன்று. நல்லபிள் கேட்டால் உள்ளே இருக்கிற டைப்பின் டெலிகேட்டை எடுத்து, வெற்று ஸ்ட்ரிங்கை மட்டும் 'நல்' ஆக்கிவிடுங்கள். பதிவில் இல்லாத டைப் கேட்டால், அந்த டைப்பின் பெயரைச் சொல்லி உடனே எக்ஸெப்ஷன். இப்போது இஃப் வரிசை போய்விட்டது; புதிய டைப் வந்தால் ஒரு வரி பதிவு, அவ்வளவுதான்.

டிக்‌ஷனரிக்குப் பதிலாக ஸ்டாட்டிக் ஜெனரிக் கிளாஸ் ஒன்றில் டெலிகேட்டை வைக்கிற தந்திரம் உங்கள் கண்ணில் படலாம். டாட்நெட்டில் ஒவ்வொரு டி-க்கும் தனி ஸ்டாட்டிக் ஃபீல்டு கிடைப்பதால் தேடலே தேவைப்படாது. வேகமானது, பார்க்கவும் அழகுதான். ஆனால் உங்களுக்கு வேண்டாம். கான்ஃபிக் ஃபைல் நீங்கள் எழுதுவது, சிஎஸ்வி வேறு யாரோ எழுதுவது. தேதியும் தசமப் புள்ளியும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு 'மாற்றி' ஆப்ஜெக்ட் வைத்துக்கொண்டு, இரண்டிலும் வெவ்வேறு விதமாகப் பதிவு செய்ய முடிய வேண்டும். ஸ்டாட்டிக்கில் அது நடக்காது.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் இதுதான், எனக்குக் கவலையும் இதில்தான்: கல்ச்சர், அதாவது எண்ணையும் தேதியையும் எழுதுகிற நாட்டு வழக்கம். பார்ஸ் செய்யும்போது எந்தக் கல்ச்சர் என்று சொல்லாவிட்டால், ஓடுகிற கணினியின் அமைப்பு எடுத்துக்கொள்ளப்படும். ஜெர்மன் அமைப்பில் புள்ளி என்பது ஆயிரம் பிரிக்கும் குறி. "1.5" என்பதை டபுளாகப் பார்ஸ் செய்தால் அங்கே 15 வரும், எக்ஸெப்ஷன் வராது. உடனே எந்த நாட்டையும் சாராத 'இன்வேரியன்ட் கல்ச்சர்' கொடுத்துவிட்டேன், தப்பித்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் "1,5" என்று எழுதி அனுப்பினால், இன்வேரியன்ட்டில் காற்புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி, அதுவும் 15. காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ஸ் சரிபார்ப்பதில்லை. இதைத் தடுக்க, டபுளையும் டெசிமலையும் பதிவு செய்கிற டெலிகேட்டில் 'நம்பர்ஸ்டைல்ஸ்.ஃப்ளோட்' என்று சொல்லிவிடுங்கள். அதில் ஆயிரம் குறிக்கு அனுமதி இல்லை, "1,5" வந்தால் நேர்மையாகத் தோற்கும். தேதிக்கும் இதே கதைதான்: "03/04/2024" இன்வேரியன்ட்டில் மார்ச் 4. நீங்கள் ஏப்ரல் 3 என்று நினைத்திருந்தால் அதற்கும் எர்ரர் வராது. 'பார்ஸ்எக்ஸாக்ட்' போட்டு, ஆண்டு மாதம் நாள் என்ற வரிசையை மட்டும் ஏற்றுக்கொள்வதாக வைத்துவிடுங்கள்.

எனமிலும் ஒரு பொறி இருக்கிறது. மூன்று நிறங்கள் மட்டும் உள்ள ஓர் எனமை வைத்துக்கொண்டு 'எனம்.ட்ரைபார்ஸ்'க்கு "999" கொடுத்துப் பாருங்கள். வெற்றி என்று சொல்லும். எண்ணாக எழுதியிருந்தால் அந்த எண்ணை அப்படியே எனமாக எடுத்துக்கொள்கிறது, அப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பின்னாலேயே 'எனம்.இஸ்டிஃபைன்ட்' கேட்டுவிடுங்கள். ஃப்ளாக்ஸ் எனமாக இருந்தால் மட்டும் அந்தச் சோதனை உதவாது, இரண்டு பெயர்களைச் சேர்த்த மதிப்பை 'இல்லை' என்றுதான் அது சொல்லும்.

பூலியனுக்கு 'ட்ரூ', 'ஃபால்ஸ்' இரண்டு மட்டுமே செல்லும், பெரிய எழுத்து சின்ன எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. "1" என்றோ 'யெஸ்' என்றோ வந்தால் ஃபார்மட் எக்ஸெப்ஷன். உங்கள் பயனர்கள் அப்படி எழுதுவார்கள் என்றால், ஏற்கிற வார்த்தைகளை நீங்களே பட்டியலிட்டு ஒரு டெலிகேட் எழுதிக்கொள்ளுங்கள். ஜாவாவின் 'பார்ஸ்பூலியன்' போல, 'ட்ரூ' தவிர மற்ற எதைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் ஃபால்ஸ் தருவதைவிட எக்ஸெப்ஷன் எவ்வளவோ மேல்.

இதோடு ஒட்டிய ஒரு வேடிக்கை. தமிழ் எண்களில் "௧௨" என்று கொடுத்தால் பைத்தானின் இன்ட் அதை 12 என்று வாசித்துவிடும், ஜாவாவின் 'பார்ஸ்இன்ட்'டும் வாசிக்கும். டாட்நெட்டின் இன்ட் பார்ஸ் வாசிக்காது. ஆனால் அதே டாட்நெட்டில் 'கேரக்டர்.இஸ்டிஜிட்' என்று கேட்டால் ௧ ஓர் இலக்கம்தான் என்று ஒத்துக்கொள்ளும். ஆகவே, இஸ்டிஜிட் வைத்துச் சோதித்துவிட்டால் பார்ஸ் கட்டாயம் தேறும் என்று நம்பி ட்ரைபார்ஸை விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எக்ஸெப்ஷனைப் பிடித்து டீஃபால்ட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா? வேண்டாம். இன்ட்டின் டீஃபால்ட் 0, டேட்டைமின் டீஃபால்ட் முதலாம் ஆண்டு ஜனவரி 1. 'டைம்அவுட்' என்ற சாவிக்கு யாரோ 30 என்று எழுதுவதற்குப் பதில் 3 போட்டு ஆங்கில ஓ எழுத்தைத் தட்டிவிட்டார். உங்கள் ஃபங்ஷன் அதை 0 ஆக்கிக் கொடுத்துவிட்டது. அதை வாங்கிக்கொள்கிற நிரல் 0 என்றால் 'காத்திருக்கவே வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளுமா, 'எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திரு' என்று எடுத்துக்கொள்ளுமா, யார் கண்டது.

சாவியே இல்லாமல் போவதும், சாவி இருந்து மதிப்பு கெட்டிருப்பதும் வேறு வேறு. முதலாவதற்கு டீஃபால்ட் சரிதான், அதையும் கூப்பிடுகிறவரே கையில் கொடுக்கட்டும். இரண்டாவதற்கு எக்ஸெப்ஷன் வேண்டும், அதுவும் படித்தால் புரிகிற மாதிரி. 'இன்புட் ஸ்ட்ரிங் சரியான வடிவில் இல்லை' என்று மொட்டையாக ஒரு செய்தி பழைய பதிப்புகளில் வரும். எந்த ஸ்ட்ரிங், எந்தச் சாவி, எந்த வரி என்று ஒன்றும் இருக்காது. உங்கள் 'மாற்றி' அந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து, சாவியின் பெயர், வந்த மதிப்பு, எதிர்பார்த்த டைப் மூன்றையும் சேர்த்துப் புதிய எக்ஸெப்ஷனாக எறியட்டும், பழையதை உள்ளே வைத்து. கடவுச்சொல் மாதிரியான சாவிகளுக்கு மட்டும் மதிப்பை அதில் எழுதாதீர்கள், அது நேராக லாகுக்குப் போய்விடும்.

சிஎஸ்விக்கு இது பொருந்தாது. அங்கே ஒரு வரி கெட்டிருந்தால் முழு வேலையையும் நிறுத்துவதைவிட, கெட்ட வரிகளைச் சேர்த்து வைத்து முடிவில் பயனரிடம் காட்டுவதுதான் வழக்கம். ஒவ்வொரு கெட்ட மதிப்புக்கும் எக்ஸெப்ஷன் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தால் பெரிய ஃபைலில் உண்மையாகவே மெதுவாகும். அதனால் டிக்‌ஷனரியில் வைக்கிற டெலிகேட்டை ட்ரைபார்ஸ் வடிவில் வைத்து, அதன் மேல் எக்ஸெப்ஷன் எறிகிற 'மாற்று'வைக் கட்டுங்கள். தலைகீழாகக் கட்டினால் பிறகு பிரிக்க முடியாது.

வேகம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். கான்ஃபிக் ஒருமுறைதான் படிக்கப்படுகிறது, அங்கே வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சிஎஸ்வியில் ஒவ்வொரு நெடுவரிசைக்குமான டெலிகேட்டை லூப்புக்கு வெளியே ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் போதும், வரிக்கு வரி டிக்‌ஷனரியைத் தேட வேண்டியதில்லை. உங்கள் பழைய இஃப் வரிசையும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மெதுவாக இருந்திருக்காது. இன்ட், டபுள் போன்ற வேல்யூ டைப்புகளுக்கு டாட்நெட்டின் ஜிட் கம்பைலர் (நிரல் ஓடும்போது கம்பைல் செய்வது) ஒவ்வொரு டி-க்கும் தனி மெஷின் கோடு உருவாக்குகிறது. 'டி என்பது இன்ட்டா' என்று டைப்ஆஃப் வைத்துக் கேட்கிற இஃப்களுக்கு அப்போதே விடை தெரிந்துவிடுவதால், ஆப்டிமைஸ் செய்த கோடில் பொருந்தாத கிளைகளை அது எழுதுவதே இல்லை. ஆகவே உங்களிடம் இருப்பது ஐந்தாறு டைப்புகள்தான், அவை கூடப்போவதும் இல்லை என்றால், இருக்கிற இஃப் வரிசையில் கல்ச்சரையும் எர்ரர் செய்தியையும் மட்டும் சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.